ஸ்பீடோமீட்டர் முள் படுத்துவிட்டதா? சென்சார் வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

வண்டி 60-இல் போய்க்கொண்டிருக்கும், மீட்டர் முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழும், கிலோமீட்டர் ஏறாது, சில வண்டிகளில் சிக்னலுக்காக வேகம் குறைக்கும்போது இன்ஜினே அணைந்துவிடும். ஸ்கேனர் மாட்டினால் பி0500 என்ற கோளாறுக் குறியீடு வரும். உடனே கடைக்கு ஓடாதீர்கள். வேக சிக்னல் சரியாக வரவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதுவும் சொல்வதில்லை, கெட்டது வேகத்தை உணர்ந்து அனுப்பும் சென்சாரா ஒயரா என்று நாம்தான் பார்க்க வேண்டும். நான் புதுசு வாங்கி மாட்டியும் முள் அசையவில்லை, அப்புறம் கனெக்டருக்குள் டார்ச் அடித்தால் ஒரு உலோகப் பின் பச்சை பூத்துக் கிடந்தது.

இங்கே சொல்வது, கியர் பாக்ஸிலேயே மூன்று ஒயர் சென்சார் இருக்கும் முன்சக்கர டிரைவ் மேனுவல் கார்களுக்கு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் வேகம் சக்கரத்து சென்சாரிலிருந்தே வரும், அங்கே இது தனியாக இருக்காது.

முதலில் ஃபியூஸ். சரியாக இருந்தால் கனெக்டரைக் கழற்றி, சாவியை மட்டும் ஆன் செய்து, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் பக்கம் வரும். வரவில்லையா, கோளாறு ஒயரில்.

வந்தால், கனெக்டரைத் திரும்ப மாட்டி, பின்பக்கமாக ஒரு மெல்லிய ஊசியைச் சிக்னல் ஒயரோடு தொடும்படி செருகி, அந்த ஊசிக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, நியூட்ரலில் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வோல்டேஜ் பூஜ்யத்துக்கும் 5-க்கும் (சில வண்டிகளில் 12-க்கும்) மாறி மாறித் துள்ள வேண்டும். வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டர் சராசரியைக் காட்டி ஏமாற்றிவிடும். வோல்டேஜ் ஒரே இடத்தில் நின்றால்தான் சென்சார் மேல் சந்தேகம்.

மாற்றுவது சின்ன வேலை. இன்ஜின் ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சாரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், ஒரு கல் உள்ளே விழுந்தால் கியர் பாக்ஸுக்கே ஆபத்து. அநேகமாக ஒரே போல்ட், 10-ஆம் நம்பர். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுக்கிப் பிடிப்பதால் சென்சார் எளிதில் வராது, இடமும் வலமும் திருகியபடி இழுங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே வேண்டாம். அடியில் பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தால் பல் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், தேய்ந்திருந்தால் சென்சார் நல்லதாக இருந்தும் முள் அசையாது.

புது ஓ-ரிங்கில் கியர் ஆயில் தடவி, கையாலேயே அடிவரை அமர்த்திய பிறகுதான் போல்ட். ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், திரும்பி வந்ததும் அடியில் கை விட்டு ஆயில் கசிகிறதா என்று தடவிப் பாருங்கள்.