கோடு நகர்ந்தால் கணக்கும் நகரும்: கனடாவின் நகரத் தொகுதிகளை அளக்கும் முறை

2011 குடிசன மதிப்பீட்டில் ரொறன்ரோ நகரத்தில் 2,615,060 பேர் இருந்தார்கள். 2021 இல் 2,794,356 பேர். பத்து ஆண்டுகளில் 179,296 பேர் கூடியிருந்தும், மத்திய நாடாளுமன்றத்தில் அந்த நகரத்தின் ஆசனங்கள் 25 இலிருந்து 24 ஆகக் குறைந்தன. சனம் கூடினால் ஆசனமும் கூடும் என்று நினைப்பவர்களை இந்த ஒரு கணக்கே தடுமாற வைக்கும். நகரம் வளர்ந்தது உண்மைதான், ஆனால் மாகாணம் அதைவிட வேகமாக வளர்ந்தது. ரொறன்ரோவின் வளர்ச்சி ஏறத்தாழ 6.9%, ஒன்ராறியோவின் வளர்ச்சி 10.7%. ஒரு தொகுதியின் பலத்தை அதன் சனத்தொகையை மட்டும் வைத்து அளக்க முடியாது. மாகாணத்தின் சராசரியோடு ஒப்பிட்டால்தான் அது புரியும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை, குடிசன மதிப்பீட்டுக்குப் பின் தொகுதிகளின் எல்லைகள் மீண்டும் கீறப்படுகின்றன. அதில் உங்கள் தொகுதிக்கு என்ன நடந்தது என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். எக்செல் ஒன்றும் இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸும் போதும். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

எந்த வரைபடம் என்று முதலில் முடிவெடுங்கள்

பிழைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஸ்காபரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 28 இல் நடந்த மத்திய தேர்தலுக்குப் புதிய எல்லைகள் பயன்பட்டன. அதில் 'ஸ்காபரோ–ரூஜ் பார்க்' என்ற பெயரில் தொகுதி இல்லை. அதன் பெயர் 'ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க்' என்ற புதிய தொகுதிக்குள் சேர்ந்துவிட்டது. ஆனால் இரண்டே மாதங்களுக்கு முன், பெப்ரவரி 27 இல் நடந்த ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதி இருந்தது. மாகாணத்தின் 124 தொகுதிகளில் தெற்கே உள்ள 111 தொகுதிகள், 2013 இல் பிரகடனமான பழைய மத்திய எல்லைகளையே பின்பற்றுகின்றன. ரொறன்ரோ நகரசபையின் 25 வட்டாரங்களும் 2018 முதல் அதே பழைய கோடுகளில்தான் உள்ளன. 25 ஆம் வட்டாரத்தின் பெயரும் ஸ்காபரோ–ரூஜ் பார்க்தான்.

ஆகவே ஒரே வீட்டுக்கு மூன்று மட்டங்களில் மூன்று பிரதிநிதிகள், ஆனால் கோடுகள் இரண்டு விதம். டொன் வலி ஈஸ்ட் இன்னும் குழப்பமானது. மாகாணத் தொகுதியாகவும் நகரசபை வட்டாரமாகவும் அது இருக்கிறது. மத்திய மட்டத்தில் தனித் தொகுதியாக இல்லை, 'ஸ்காபரோ சென்ரர்–டொன் வலி ஈஸ்ட்' என்ற பெயரின் வாலாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி இரண்டு தேர்தல்களின் முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

திகதியிலும் ஒரு பொறி உண்டு. புதிய எல்லைகள் 2023 செப்ரெம்பரில் பிரகடனம் செய்யப்பட்டன. ஏழு மாதம் கழிந்தபின் நாடாளுமன்றம் முதல்முறை கலைக்கப்படும்போதுதான் அவை நடைமுறைக்கு வரும் என்பது சட்டம். அதனால் 2024 ஜூன் 24 இல் ரொறன்ரோ–சென்ற் போல்ஸில் நடந்த இடைத்தேர்தல் பழைய கோட்டில்தான் நடந்தது. ஆண்டை மட்டும் பார்த்து எல்லையை ஊகிக்கக் கூடாது. கோப்பைத் திறந்ததும் எந்தப் பிரகடனத்துக்குரியது, 2013 ஆ 2023 ஆ என்று பார்த்துக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

சராசரியைக் கண்டுபிடித்தல்

ஒன்ராறியோவின் 2021 குடிசனத் தொகை 14,223,942. அதை 122 ஆசனங்களால் வகுத்தால் 116,590. இதுதான் மாகாணச் சராசரி. 2011 இல் 12,851,821 ஐ 121 ஆல் வகுத்து வந்தது 106,213.

இப்போது ரொறன்ரோவை இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். 2011 இல் 24.62 வரும், ஆகவே 25 ஆசனம். 2021 இல் 23.97 வரும், ஆகவே 24. பிரம்ரன் 656,480 பேரோடு 5.63 என்று வருகிறது. ஐந்து ஆசனம் போதாது, ஆறு வந்தது. ஆசனம் எங்கே குறைந்து எங்கே கூடியது என்பதற்கான விடை பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலிலேயே கிடைத்துவிடும்.

இரண்டு எண்களைக் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பதைக் குடிசன மதிப்பீடு தீர்மானிப்பதில்லை. அதற்கு நாட்டின் புள்ளிவிவர நிறுவனமான ஸ்ரற்ரிஸ்ரிக்ஸ் கனடாவின் 2021 ஜூலை 1 சனத்தொகை மதிப்பீடு பயன்படுகிறது. ஒன்ராறியோவுக்கு அது 14,826,276. அதை 121,891 என்ற தேசிய ஈவால், அதாவது ஓர் ஆசனத்துக்கு இத்தனை பேர் என்ற எண்ணால், வகுத்தால் 121.6, மேலே தூக்கினால் 122. மாகாணத்துக்குள் கோடு கீறும்போது மட்டும் குடிசன மதிப்பீட்டின் எண். இரண்டு எண்களுக்கும் இடையே ஆறு லட்சம் வித்தியாசம் இருக்கிறது. அந்த ஜூலை மதிப்பீட்டை எடுத்து 122 ஆல் வகுத்தால் சராசரி 5,000 பேர் அளவில் ஏறிவிடும், அதன்பின் எல்லாத் தொகுதியும் சிறியதாகத் தோன்றும்.

விலகலைக் கணக்கிடும் முறை: தொகுதியின் சனத்தொகையிலிருந்து சராசரியைக் கழியுங்கள், வருவதைச் சராசரியால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். தொகுதியின் சொந்தத் தொகையால் வகுப்பது அடிக்கடி காணும் பிழை. அல்பேர்ட்டாவின் எட்மன்ரன்–வெற்றாஸ்கிவின் தொகுதி பழைய எல்லையில் 2021 இல் 209,431 பேரைக் கொண்டிருந்தது. புதிய மாகாணச் சராசரி 115,206. சரியான விலகல் +81.8%. தவறாக வகுத்தால் 45% என்று வரும். ஒரு தொகுதி எவ்வளவு வீங்கியது என்பதையே அந்தப் பிழை மறைத்துவிடும். எட்மன்ரனின் தெற்குப் புறநகரில் வீடுகள் முளைத்த வேகம்தான் அந்த எண்ணுக்குக் காரணம்.

சட்டம் 25% வரை கூடவோ குறையவோ விடுகிறது. ஒன்ராறியோவில் அது 87,443 இலிருந்து 145,737 வரை. விசேட சூழ்நிலையில் அதையும் தாண்டலாம். வட ஒன்ராறியோவின் கெனோரா–கீவெற்றினூங் அப்படிப்பட்டது. நகரத் தொகுதிக்கு அந்த வாசல் திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தூரமும் பனியும் அங்கே காரணமாகலாம், சுரங்க ரயில் ஓடும் இடத்தில் ஆகாது.

தொகுதியைப் பிளாக் பிளாக்காகக் கூட்டுதல்

ஸ்ரற்ரிஸ்ரிக்ஸ் கனடா சனத்தொகையை வெளியிடும் மிகச் சிறிய துண்டு, பொதுவாக நான்கு பக்கமும் தெருவால் சூழப்பட்ட ஒரு பிளாக். பல பிளாக்குகள் சேர்ந்து 400 முதல் 700 பேர் கொண்ட ஒரு பரப்பு ஆகும். வயது, மொழி, வருமானம் எல்லாம் அந்தப் பெரிய பரப்புக்குத்தான் கிடைக்கும். எல்லை வேலைக்குத் தலை எண்ணிக்கை போதும் என்பதால் பிளாக்கிலேயே நில்லுங்கள்.

செய்யவேண்டியது இதுதான். ஸ்ரற்ரிஸ்ரிக்ஸ் கனடாவின் புவியியல் பண்புக் கோப்பை இறக்குங்கள். அதில் ஒவ்வொரு பிளாக்குக்கும் சனத்தொகை, வீடுகளின் எண்ணிக்கை, அது கிடக்கும் தொகுதியின் குறியீடு எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். பிளாக்குகளின் வரைபடத்தையும் பழைய, புதிய தொகுதி எல்லைகளையும் கியூஜிஐஎஸ்ஸில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். மூன்றையும் 3347 என்ற இலக்கமுடைய ஸ்ரற்ரிஸ்ரிக்ஸ் கனடா லம்பேர்ட் என்ற ஒரே வரைபட வீச்சு முறைக்கு மாற்றுங்கள். பிளாக்கின் உள்ளே விழும் புள்ளியை வைத்து அதற்குப் பழைய தொகுதி எது, புதிய தொகுதி எது என்று குறியுங்கள். பிறகு எக்செலில் பழையது குறுக்கே, புதியது நெடுக்கே வைத்து ஒரு பிவட் அட்டவணை. எந்தத் தொகுதியிலிருந்து எந்தத் தொகுதிக்கு எத்தனை பேர் போனார்கள் என்பது முழுதாகக் கண்முன் வரும். கடைசியில் நகரத்தின் மொத்தம் 2,794,356 ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் எங்கோ ஒரு பிளாக் விழுந்துவிட்டது அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது.

பரப்பளவால் பிரிக்கும் குறுக்குவழிக்குப் போகவே வேண்டாம். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா கிடக்கிறது. காடும் ஆறும் வயலுமாகப் பெரிய நிலம், ஆட்கள் மிகக் குறைவு. பழைய தொகுதியின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது என்பதற்காக மூன்றில் ஒரு பங்கு மக்களையும் அனுப்பிவிட்டால், மான்களுக்கு ஆசனம் கொடுத்த கதைதான். மறுபக்கம், நெடுஞ்சாலை ஓரமாக நிற்கும் இரண்டு அடுக்குமாடிகள் ஒரு சிறு பிளாக்குக்குள் ஆயிரம் பேரை வைத்திருக்கும். அப்படிப்பட்ட பிளாக்கின் நடுவே புதிய கோடு போனால், அதை மட்டும் கையால் திறந்து கட்டடம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

கோப்புகளை இணைக்கும்போது பெயரால் இணைக்காதீர்கள். இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவே ஒரு கோப்பில் நீண்ட கோடு இருக்கும், இன்னொன்றில் இரண்டு சிறு கோடுகள் இருக்கும், கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஐந்து இலக்கக் குறியீட்டால் இணையுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாகாணம், ஒன்ராறியோவுக்கு 35. ஆனால் ஒரே பிரகடனத்துக்குள் மட்டும். 2013 இல் ஒரு தொகுதிக்கு இருந்த குறியீடு 2023 இல் வேறொரு தொகுதிக்குப் போயிருக்கலாம்.

எண்ணில் தெரியாதவை

குடிசன மதிப்பீடு குடியுரிமை பார்ப்பதில்லை. நிரந்தர வதிவிடம் பெற்றவர், அகதிக் கோரிக்கையாளர், வெளிநாட்டு மாணவர் எல்லோரும் எண்ணப்படுவார்கள். எல்லைச் சட்டமும் அந்தத் தொகையைத்தான் கேட்கிறது. அது சரியான ஏற்பாடு. நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகக் கதவைத் தட்டுபவர்களில் பெரும் பங்கினர் குடிவரவுச் சிக்கலோடு வருபவர்கள், அவர்களில் பலருக்கு இன்னும் வாக்கு இல்லை. ஆனால் இதன் விளைவாக, ஒரே அளவு சனத்தொகை கொண்ட இரண்டு நகரத் தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கை பல்லாயிரம் வேறுபடலாம். மத்திய தேர்தல்களை நடத்தும் இலெக்சன்ஸ் கனடாவின் வாக்காளர் தொகையை எடுத்து 116,590 உடன் ஒப்பிட்டால் எல்லாத் தொகுதியும் குறைபாட்டோடு தெரியும். அந்த இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் வைக்காதீர்கள்.

கணக்கெடுப்பு நாள் 2021 மே 11. அதற்குப் பிறகு குடிபுகுந்த கோபுரத்துக்குப் பிளாக்கில் பூச்சியம்தான். படிப்புக்காக நகரத்தில் தங்கி, விடுமுறைக்குப் பெற்றோர் வீட்டுக்குப் போகும் மாணவர் பெற்றோர் வீட்டில்தான் எண்ணப்படுவார். அதனால் பல்கலைக்கழகத்தைச் சுற்றிய பகுதிகள் நேரில் தெரிவதைவிட மெலிந்து தெரியும். கோப்பில் மொத்த வீடுகள், ஆட்கள் வழமையாக வசிக்கும் வீடுகள் என இரண்டு பத்திகள் உண்டு. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக உள்ள பிளாக்குகளைத் தனியே குறித்து வையுங்கள். அடுத்த பத்தாண்டில் தொகுதி வீங்கப்போகும் இடம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

வாக்குகளைப் பழைய கோட்டிலிருந்து புதிய கோட்டுக்கு மாற்றுவது இன்னும் கடினம். தேர்தல் நாள் வாக்குகள் சிறு வாக்களிப்புப் பிரிவுகளாகக் கிடைக்கும், அவற்றைப் பிளாக் போலக் கூட்டலாம். முன்கூட்டிய வாக்களிப்பு பல பிரிவுகளைச் சேர்த்து ஒன்றாகவும், அஞ்சல் வாக்கு தொகுதி முழுதுக்கும் ஒன்றாகவும் எண்ணப்படுகின்றன. அவற்றை விட்டுவிட்டால், முன்கூட்டியே வாக்களிக்கும் பழக்கமுள்ளவர்கள் மொத்தமாக மறைந்துவிடுவார்கள். 2021 தேர்தல் முடிவுகளைப் புதிய எல்லைக்கு மாற்றி இலெக்சன்ஸ் கனடா ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறது. அதையே எடுங்கள்.

ஆணைக்குழு முன் போகும்போது

அடுத்த மீள்நிர்ணயம் 2031 குடிசன மதிப்பீட்டுக்குப் பின். எல்லை கீறுவதற்கு மாகாணத்துக்கு ஓர் ஆணைக்குழு, மூன்று பேர். தலைவர் மாகாணத் தலைமை நீதியரசர் நியமிக்கும் நீதிபதி, மற்ற இருவரையும் சபாநாயகர் நியமிப்பார். முதல் வரைவு வந்ததும் பொதுக் கூட்டங்கள் நடக்கும். பேச விரும்புபவர் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடைசித் திகதி விளம்பரத்திலேயே இருக்கும், அது மிக விரைவாக வந்துவிடும்.

'எங்கள் சமூகத்தைப் பிரிக்காதீர்கள்' என்று சொல்லும் நூறு கடிதங்களைவிட, கணக்கு முடிந்த ஒரு வரைபடம் அதிகம் செய்யும். சமூக நலன், அடையாளம், தொகுதியின் வரலாறு ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஒரு தெருவை நீங்கள் உள்ளே எடுத்தால் பக்கத்துத் தொகுதியில் அவ்வளவு பேர் குறைவார்கள், அந்தக் குழியை எப்படி நிரப்புவது என்று ஆணைக்குழு கேட்கும். உதாரணத்துக்கு, அ என்ற தொகுதியில் 121,300 பேர், ஆ என்ற தொகுதியில் 103,900 பேர் என்று வையுங்கள். விலகல் +4.0%, −10.9%. பதினெட்டுப் பிளாக்குகளில் 7,400 பேரை அ இலிருந்து ஆ வுக்கு மாற்றினால் −2.3%, −4.5%. பிளாக் இலக்கங்களின் பட்டியல், முன்னும் பின்னுமான இந்த நான்கு விழுக்காடுகள், ஒரு வரைபடம்: ஒரே தாளில் கொடுங்கள். மூன்றாவது தொகுதி ஒன்று தொடப்பட்டால் அதையும் சேர்த்து வட்டத்தை மூடிக் காட்டுங்கள்.

கோட்டை 401 நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஆறு, மின்கம்பி வழித்தடம் போன்றவற்றின் வழியே நடத்துங்கள். கோவில், பாடசாலை, கடைத்தெரு எந்தப் பக்கத்து மக்களை இழுக்கிறது என்று குறிப்பிட்ட சந்திப்புகளின் பெயரோடு சொல்லுங்கள். எந்தக் கட்சிக்கு நல்லது என்று ஒரு வரிகூட வேண்டாம், ஆணைக்குழு அதைப் பார்ப்பதில்லை.

அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போனபின் பொதுமக்களுக்கு வாசல் மூடிவிடும். அப்போது ஆட்சேபிக்கக் கூடியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே, அதற்கும் குறைந்தது பத்துப் பேரின் கையொப்பம் வேண்டும். உங்கள் உறுப்பினரிடம் அந்தத் தாளின் ஒரு பிரதி முன்பே இருக்கட்டும். ஆட்சேபத்தை ஏற்பதா விடுவதா என்ற கடைசி முடிவு ஆணைக்குழுவின் கையில்.