கட்டுரைக்கு முன் பதிவேடு

ஒரு மருந்து பலன் தந்தது என்று ஆய்வுக் கட்டுரை சொன்னால், நம்புவதற்கு முன் அதிலுள்ள பதிவு இலக்கத்தைத் தேடுங்கள். இங்கே நடந்த ஆய்வென்றால், கொழும்பில் இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அங்கே முதன்மை விளைவாக, அதாவது முக்கியமாக அளக்கப்போவதாக முன்கூட்டியே, பதிந்தது இரத்த அழுத்தம், கட்டுரை பெரிதாகச் சொல்வது நித்திரையை என்றால் கவனம்.

ஒன்றுமே செய்யாத மருந்தில்கூட, ஒன்றையொன்று சாராத 20 விளைவுகளை 0.05 எல்லையில், அதாவது ஒவ்வொன்றும் தற்செயலாகத் தேற 5 சதவீத வாய்ப்பு விட்டு, சோதித்தால், ஒன்றாவது தற்செயலாகத் தேறும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். தேறியதை மட்டும் எழுதிவிட்டால் வாசிப்பவருக்குத் தெரியவே வராது. பாவம், காசு கொடுத்து வாங்குவது நோயாளிதான்.

ஆய்வு தொடங்கிய பிறகு பதிந்திருந்தால் அந்தப் பதிவு இதற்கு உதவாது, திகதியையும் பாருங்கள். ஆய்வுகூடச் சோதனைகளைப் பொதுவாக இப்படிப் பதிவதில்லை.