பழைய பிக்கப் கேபினில் ஸ்பீக்கர்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

என்னுடையது 2008 மாடல் பொலேரோ பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சாயங்காலம் காய் ஏற்றினால் பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகப் போய் விடிவதற்குள் திருச்சூரில் இறக்கியாக வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் கூட வருகிற ஒரே துணை பாட்டுதான். செலவுக்கு யோசிக்காமல் நல்ல ஸ்பீக்கராகத்தான் வாங்கிப் போட்டேன். ஆனாலும் நாலு வருஷத்தில் மூன்று ஜோடி போய்விட்டது.

காரணம் தெரிந்தது மூன்றாவது ஜோடி போன அன்றுதான். ஜூன் மாத மழை. பாலக்காட்டைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தி இடது பக்கக் கதவைத் திறந்தால், கதவுக்குள்ளே தண்ணீர் 'களக்' என்று ஆடுகிறது, பாதி நிரம்பிய குடம் மாதிரி. ஊருக்கு வந்து டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடுகிற அட்டையைக் கழற்றினேன். ஸ்பீக்கரின் பேப்பர் கோன் நமுத்த அப்பளமாகிக் கிடந்தது. விரலை வைத்தேன், உள்ளே போய்விட்டது. மேக்னட்டைச் சுற்றித் துரு. கதவின் அடியில் இருக்கிற ஓட்டைகள் அத்தனையிலும் மண்ணும் வெங்காயச் சருகும் சேர்ந்து களிமண்ணாக இறுகியிருந்தது.

கதவின் உள்பக்கம் நனையாத இடம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீர் போவதற்கென்றே விட்ட வழி. கண்ணாடியில் வழிகிற மழை, கண்ணாடியை ஒட்டி இருக்கிற வெளிப்பக்க ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கைத் தாண்டி உள்ளே இறங்கி, கதவின் அடி ஓட்டைகள் வழியாக ரோட்டில் விழ வேண்டும். புது வண்டியில் பீடிங் ரப்பர் இறுக்கமாக இருப்பதால் உள்ளே வருவது கொஞ்சம்தான். பத்து வருஷம் வெயிலில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் கல் மாதிரி ஆகிவிடும், வருகிற தண்ணீரும் நாலு மடங்காகத் தெரியும். அந்த நீர்வழியில்தான் நாம் கொண்டுபோய் ஸ்பீக்கரை மாட்டுகிறோம்.

அதனால் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே டோர் பேடைக் கழற்றுங்கள். அடி ஓட்டைகளைச் சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தி விடுங்கள். துரு இருந்தால் உப்புத்தாள் தேய்த்து ரெட் ஆக்சைடு அடியுங்கள். பீடிங் ரப்பர் வெடித்திருந்தால் புதுசு மாற்றுங்கள், அந்தச் செலவு ஒரு ஜோடி ஸ்பீக்கரை மிச்சப்படுத்தும். டோர் பேடுக்குப் பின்னால் கம்பெனியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்துபோயிருந்தால், கனமான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, அடி விளிம்பு கதவுக்குள்ளே போகும்படி ஒட்டுங்கள். அப்போதுதான் தாளில் விழுகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே இறங்கும், உங்கள் காலில் வராது.

சரி, எங்கே வைப்பது? சிங்கிள் கேபினில் நாலு இடம்தான் உண்டு: கதவு, டேஷ்போர்டு, கால் வைக்கிற இடத்தின் பக்கச் சுவர், சீட்டுக்குப் பின்னால்.

டேஷ்போர்டின் மேல் வேண்டவே வேண்டாம். மே மாதம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து அந்த இடத்தில் கை வைத்துப் பாருங்கள், சுடும். கோனைச் சுற்றியிருக்கிற வளையம் ஃபோமாக இருந்தால் சீக்கிரமே பொடியாக உதிரும்.

சீட்டுக்குப் பின்னால் ஓவல் ஸ்பீக்கர் மாட்டுவதுதான் எங்கள் பக்கத்தில் வழக்கம். பேஸ், அதாவது 'தும் தும்' என்கிற கனத்த ஒலி நன்றாக வரும், அது நிஜம். ஆனால் சத்தம் பிடரியில் அடிக்கும், பாட்டு முதுகுக்குப் பின்னால் நடக்கிற மாதிரி இருக்கும். போதாததற்கு ஜாக்கி, வீல் ஸ்பேனர், தார்ப்பாய்க் கயிறு எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு பள்ளத்தில் ஜாக்கி எகிறினால் கோன் கிழிந்துவிடும். அங்கேதான் வைக்க வேண்டும் என்றால், பெட்டியோடு வருகிற ஸ்பீக்கராக வாங்கி, மேலே இரும்பு வலை போட்டு, பெட்டியைப் பட்டை போட்டு பாடியில் போல்ட் செய்யுங்கள். முழுக்க பிரேக் அடித்து நிற்க வேண்டிய நேரம் வந்தால் அவிழ்ந்து கிடக்கிற ஐந்து கிலோ பெட்டி உங்கள் தலைக்குத்தான் வரும். ஜாக்கியையும் கட்டிப் போடுங்கள்.

எனக்குப் பிடித்த இடம் கால் பக்கச் சுவர், அதாவது கதவுக் கீலுக்கு முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே. டிரைவர் வலது ஓரத்தில் உட்காருவதால் வலது கதவு ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் தூரத்தில். பாட்டு முழுக்க வலது பக்கமே சாய்ந்துவிடும். ஸ்பீக்கரை முன்னால் தள்ளத் தள்ள ரெண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் குறையும். அப்போது பாடுகிறவர் கண்ணாடிக்கு நடுவே நின்று பாடுகிற மாதிரி கேட்கும். ஆனால் இடம் சின்னது, 4 இன்ச்சுக்கு மேல் போகாது. ஆக்சிலேட்டர் மிதிக்கிற கால் இடிக்காது என்பதைச் செருப்போடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் இப்போது கால் பக்கத்தில் 4 இன்ச், கதவில் 6 இன்ச். கதவை விட மனசில்லை, ஏனென்றால் பேஸுக்கு வேண்டிய காற்று இடம் அங்கேதான் இருக்கிறது.

கதவில் மாட்டுவதற்கு முன் ஆழம் பாருங்கள். கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரப்போகிற மட்டத்திலிருந்து கண்ணாடி வரை ஸ்கேல் விட்டு அளங்கள். 6 இன்ச் ஸ்பீக்கர் பலதும் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியையும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், ஸ்பீக்கர் மூடியில் விரல் முட்டி இடித்தால் தினமும் தொல்லை.

வாங்கும்போது பேப்பர் கோன் வேண்டாம். பாலிபுரொப்பிலீன் கோன், ரப்பர் வளையம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், டோர் பேட் அட்டையில் நேராக ஸ்க்ரூ அடிப்பது. முதல் ரெண்டு ஜோடியையும் ஒரு கடையில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே இருக்கிற குதிரான் சுரங்கம் 2021-இல் திறப்பதற்கு முன்னால் அந்தப் பழைய ஏற்றத்து ரோட்டில் லோடோடு போனவர்களுக்குத் தெரியும், குலுக்கல் எப்படி இருக்கும் என்று. ஈரம் குடித்த அட்டையில் ஸ்க்ரூ எத்தனை நாள் நிற்கும்? ஸ்பீக்கரின் எடை முழுக்க மேக்னட்டில் இருக்கிறது, அது முன்னும் பின்னும் ஆடி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

ஸ்பீக்கர் கதவின் தகட்டில் நிற்க வேண்டும். 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் வளையம் வெட்டச் சொல்லுங்கள், மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை வேண்டாம், தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி ஊதும். வளையத்தின் ரெண்டு முகம், உள் விளிம்பு, வெளி விளிம்பு, ஸ்க்ரூ ஓட்டை எல்லாவற்றிலும் எனாமல் பெயின்ட் ரெண்டு கோட். தகட்டில் புது ஓட்டை போட்டால், அந்த வெட்டு விளிம்பில் அன்றைக்கே ரெட் ஆக்சைடு தடவுங்கள். வளையத்தைப் போல்ட் நட்டோடு முடுக்குங்கள். தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே, வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஃபோம் டேப் ஒரு சுற்று. இது குலுக்கலுக்கு மட்டுமில்லை. கோன் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் தள்ளுகிற காற்றும் இடுக்கு வழியாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும், பேஸே வராது. 'ஸ்பீக்கர் சரியில்லை' என்று மாற்றுகிற பல பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த டேப்தான்.

இடுக்கை அடைக்கச் சிலிக்கான் பசை வைப்பதாக இருந்தால் மோந்து பாருங்கள். வினிகர் நெடி அடிக்கிற வகை இரும்பையும் செம்பையும் அரிக்கும். நெடி இல்லாத, நியூட்ரல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

இனி ஸ்பீக்கருக்குக் குடை. ஐந்து லிட்டர் இன்ஜின் ஆயில் கேனைச் சோப்புப் பொடி போட்டுக் கழுவிக் காய வையுங்கள். அதன் மூலைப் பகுதியைச் சாய்வாக வெட்டினால் வீட்டு ஜன்னல் மேல் இருக்கிற சன்ஷேடு மாதிரி ஒரு துண்டு கிடைக்கும். அதை ஸ்பீக்கரின் பின்பக்கம் மேல் பாதி மட்டும் மூடுகிற மாதிரி, வளையத்தோடு சேர்த்து ஸ்க்ரூ செய்யுங்கள். நுனி கொஞ்சம் கீழே சரிந்திருக்கட்டும். கண்ணாடியில் வழிந்து வருகிற தண்ணீர் அதில் பட்டு, மேக்னட்டைத் தாண்டி அந்தப் பக்கம் சொட்டும். கீழ்ப் பாதியை மூடாதீர்கள், மூடினால் அது தண்ணீர் பிடிக்கிற கிண்ணமாகிவிடும், காற்றும் அடைபடும். கண்ணாடியை ஏற்றி இறக்கி உரசுகிறதா என்று பாருங்கள். இந்தக் குடையோடு என் நாலாவது ஜோடி மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது.

ஒயரில் பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்து செட்டில், அதாவது பாட்டுப் பெட்டியில், ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் மட்டும் இழுத்து, இன்னொரு முனையைப் பாடியில் எர்த் கொடுத்திருப்பார்கள். அதே ஒயரில் இன்றைய செட்டை மாட்டினால் செட்டுக்குள் சத்தத்தைப் பெருக்குகிற ஐ.சி. சில்லு போய்விடும். இப்போது வருகிற செட்டில் ஸ்பீக்கரின் ரெண்டு ஒயரும் பாடியைத் தொடவே கூடாது. பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக ரெட்டை ஒயர் இழுங்கள். பெரும்பாலான செட்டில் முன் இடதுக்கு வெள்ளையும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளையும், முன் வலதுக்குச் சாம்பலும் கறுப்புக் கோடு போட்ட சாம்பலும். கோடு போட்டது மைனஸ். என் கால் பக்க ஸ்பீக்கர்கள் முன் ஒயரில், கதவு ஸ்பீக்கர்கள் பின் ஒயரில், அதாவது பச்சையிலும் ஊதாவிலும். 4 ஓம் ஸ்பீக்கர் ரெண்டை ஒரே ஜோடி ஒயரில் சேர்த்துக் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும், செட் சூடாகி நின்று நின்று பாடும்.

பிளஸ் மைனஸ் சந்தேகமா? சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பேட்டரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கரில் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். ஒன்று நேராகவும் ஒன்று மாறியும் இருந்தால் பாட்டு பொத்தலாகக் கேட்கும்.

கீல் பக்கம் ஒயர் தகட்டைத் துளைத்துப் போகிற இடத்தில் ஓட்டை விளிம்பு அறுக்காமலிருக்க ரப்பர் குரோமெட், அதற்கு மேல் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஸ்லீவ். கதவை முழுக்கத் திறந்து வைத்துத்தான் ஒயர் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். ஒயர் ஓட்டைக்குள் நுழைவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். ஒயர் வழியே வருகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கேபினுக்குள் வராது. தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கிறவர்கள் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் போடுங்கள்.

கதவுத் தகடு அதிர்ந்தால் பியூட்டில் ரப்பர் ஷீட் ஒட்டலாம். தார் ஷீட் மலிவு, ஆனால் நம் வெயிலில் இளகி வழியும். தகடு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, நடுவில் கால் பங்கு மூடினாலே கதவு சாத்துகிற சத்தம் மாறிவிடும். அடி ஓட்டைகளை மட்டும் மூடிவிடாதீர்கள்.

டோர் பேடைத் திரும்ப மாட்டுவதற்கு முன் கடைசி வேலை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே நின்று ஒரு வாளித் தண்ணீரை மக்கில் மொண்டு கண்ணாடி மேல் மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், எனக்கு என் மகள் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, குடை மேல விழுந்து அந்தப் பக்கம் போகுது, கீழ ஓட்டைல வருது." மேக்னட்டைத் துணியால் தொட்டுப் பாருங்கள். துணி காய்ந்திருந்தால் பேடை மாட்டலாம். ஈரம் இருந்தால் குடையை இன்னும் அரை இன்ச் நீட்டி வெட்டி, மறுபடி ஊற்றிப் பாருங்கள்.