போகிமான் போட்டிகளில் இரட்டை வகைகளை எடைபோடும் முறை

போகிமான் வீடியோ கேமின் போட்டி ஆட்டத்துக்கு முதன்முதலாக அணி அமைப்பவர்கள், ஒரு போகிமானின் இரட்டை வகையை, அதாவது ஃபயர், வாட்டர் போன்ற வகைகளில் அது சேர்ந்த இரண்டைப் பார்த்ததும், அதன் பலவீனங்களை (அதற்குக் கூடுதல் சேதம் தரும் தாக்குதல் வகைகளை) எண்ணி, எண்ணிக்கை குறைந்ததே மேலானது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பாதி வேலைதான். எந்தத் தாக்குதல் களத்தில் அடிக்கடி வருகிறது, எந்தத் தாக்குதலுக்கு எதிரே இந்தப் போகிமானை அச்சமின்றி இறக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே ஒரு சேர்க்கையின் மதிப்பு தெரியவரும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இப்போது வகைகள் 18. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 153 சேர்க்கைகள் கிடைக்கும். ஒரு தாக்குதல் ஒவ்வொரு வகையின் மீதும் இரு மடங்காகவோ, இயல்பாகவோ, பாதியாகவோ, பூஜ்யமாகவோ விழும். இரட்டை வகையில் இந்த இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். சைஸர் என்ற போகிமானின் பக்–ஸ்டீல் சேர்க்கையில் ஸ்டீலுக்கு ஆகாத ஃபைட்டிங்கையும் கிரவுண்டையும் பக் தாங்கிக்கொள்கிறது, பக்குக்கு ஆகாத ஃப்ளையிங்கையும் ராக்கையும் ஸ்டீல் தாங்கிக்கொள்கிறது. எஞ்சுவது இரண்டுக்குமே ஆகாத ஃபயர் மட்டும், அதுவும் நான்கு மடங்காக. ஸ்டீல்–ஃப்ளையிங் சேர்க்கையான கார்விநைட்டுக்கோ ஃபயர், எலக்ட்ரிக் என இரண்டு பலவீனங்கள், ஒவ்வொன்றும் இரு மடங்கு.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சைஸர் முந்துகிறது. ஆனால் நான்கு மடங்குப் பலவீனம் எதிராளியைத் தேடி வரச் செய்யும். இயல்பான சேதத்தில் 60 ஆற்றலுள்ள ஒரு ஃபயர் தாக்குதல் சைஸர் மீது 240ஆக இறங்கும். 110 ஆற்றலுள்ள ஃபயர் பிளாஸ்ட் கார்விநைட் மீது 220தான். ஃபயர் வகையே அல்லாத போகிமான்கள்கூட ஒரு காலத்தில், போகிமானுக்குப் போகிமான் வகை மாறும் ஹிடன் பவர் என்ற தாக்குதலை ஃபயராக மாற்றிச் சுமந்து வந்ததற்குச் சைஸர் போன்றவையே காரணம். 2019இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்டு ஆட்டங்களில் ஹிடன் பவர் நீக்கப்பட்டதும், எதிலிருந்து ஃபயர் வரும் என்று கணிப்பது எளிதாகி, அதே சைஸரின் அதே பலவீனம் சற்று இலகுவாயிற்று. வகை அட்டவணை மாறாமலேயே சேர்க்கையின் எடை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு பலவீனத்துக்கும் எதிரே, அந்த வகைத் தாக்குதலை யார் யார் சுமக்கிறார்கள் என்று எழுதுங்கள். கிரவுண்ட் வகைத் தாக்குதலான எர்த்குவேக் 100 ஆற்றலும் 100 துல்லியமும் கொண்டது. கிரவுண்ட் வகை அல்லாத ஏராளமான போகிமான்களும் அதைக் கற்கின்றன. அதனால் ஃபயர்–ஸ்டீலான ஹீட்ரனின் நான்கு மடங்குக் கிரவுண்ட் பலவீனம் மிகக் கனமானது. வாட்டர்–கிரவுண்டான குவாக்சைருக்கும் நான்கு மடங்குப் பலவீனம் ஒன்று உண்டு. ஆனால் அது கிராஸ், கிராஸ் தாக்குதலைப் பெரும்பாலும் கிராஸ் வகையினரே சுமப்பதால் எதிரணியைப் பார்த்தவுடனேயே ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரிந்துவிடும். இருவர் இருவராக மோதும் ஆட்டத்தில் எர்த்குவேக் தன் கூட்டாளியையும் அடிக்கும், சேதமும் முக்கால் பங்காகக் குறையும். அங்கே இந்த எடையை மறுபடி பார்க்க வேண்டும்.

தாங்கும் பக்கத்தில் முழு விலக்கையே, அதாவது சேதம் பூஜ்யமாவதையே, நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். பாதியாகத் தாங்கினாலும் உடலில் ஏதோ குறைகிறது. விலக்கு இருந்தால் எதிராளியின் முறையே வீணாகிறது. அடித்துவிட்டு வேறொருவருக்கு இடம்விட்டு வெளியேறும் எலக்ட்ரிக் தாக்குதலான வோல்ட் ஸ்விட்சை எதிர்பார்த்துக் குவாக்சைரை இறக்கினால் சேதம் இல்லை என்பதோடு, தாக்கியவர் களத்தைவிட்டு வெளியேறவும் முடியாது. வேகத்தைக் கூட்டி ஒரே தாக்குதலில் பூட்டிவிடும் சாய்ஸ் ஸ்கார்ஃப் என்ற பொருளை அணிந்து எர்த்குவேக்கில் பூட்டிக்கொண்ட எதிரிக்கு முன் கார்விநைட்டை இறக்கினாலும் அப்படியே ஓர் இலவச முறை கிடைக்கும். ஸ்டீல்–ஃபேரி சேர்க்கை இவ்வளவு புகழ்பெற்றதற்கு, ஒன்பது வகைகளைத் தாங்குவதோடு டிராகன், பாய்சன் இரண்டிலிருந்தும் முழுமையாக விலகி நிற்பதே காரணம்.

தாக்கும் பக்கத்தில், தன் வகைத் தாக்குதலுக்கு ஒன்றரை மடங்கு கிடைப்பதால், இரண்டு வகைகளும் ஒன்றின் இடைவெளியை மற்றொன்று அடைக்கின்றனவா என்று பாருங்கள். டிராகன்–கிரவுண்டான கார்சாம்பின் டிராகன் தாக்குதலைத் தாங்கும் ஸ்டீலைக் கிரவுண்ட் நொறுக்குகிறது. கிரவுண்டிலிருந்து விலகும் ஃப்ளையிங்கை டிராகன் இயல்பாக அடிக்கிறது. இரண்டையும் தடுக்க டோகெகிஸ், ஸ்கார்மரி, விம்ஸிகாட் போன்ற சிலரே இருக்கிறார்கள். வீனசாரின் கிராஸ்–பாய்சனோ, ஸ்டீல் வகையிடமும் பாய்சன் வகையிடமும் ஒரே நேரத்தில் முட்டி நிற்கிறது. ஐஸ்–ராக் சேர்க்கை அடிக்கும்போது அருமையானது, ஆனால் அடி வாங்கும்போது ஆறு பலவீனங்கள், அவற்றில் ஃபைட்டிங்கும் ஸ்டீலும் நான்கு மடங்கு. இப்படிப்பட்டதை உள்ளே இறக்கவே வாய்ப்பு அமையாது என்பதால் அதன் தாக்கும் வலிமையும் பெரும்பாலும் பயனின்றிப் போகிறது.

அட்டவணைக்கு வெளியே உள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களத்தில் பரப்பி வைக்கப்படும் ஸ்டெல்த் ராக், உள்ளே வருபவரை ராக் வகையாக அடித்து இயல்பாக எட்டில் ஒரு பங்கு உயிரைக் குறைக்கும். ஃபயர்–ஃப்ளையிங்கான சாரிஸார்ட் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பாதியை இழக்கும், இதைத் தடுக்கும் ஹெவி-டியூட்டி பூட்ஸ் என்ற பொருள் இல்லாவிட்டால். கிரவுண்ட் தாக்குதல் படாதபடி மிதக்கும் லெவிடேட் திறன் கொண்ட ரோட்டம்-வாஷ், எலக்ட்ரிக்–வாட்டர் சேர்க்கையின் கிரவுண்ட் பலவீனத்தை அழித்துக் கிராஸ் ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கிறது. பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் ஆண்டையும் பார்க்க வேண்டும்: 2013இல் ஃபேரி வரும்வரை கோஸ்ட்–டார்க் சேர்க்கைக்குப் பலவீனமே கிடையாது, ஸ்டீல் அதுவரை கோஸ்ட்டையும் டார்க்கையும் தாங்கிவந்தது.

2022இன் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களில் ஒவ்வொரு சேர்க்கையையும் இரண்டு முறை எடைபோட வேண்டும். டெரா என்பது போட்டியின் நடுவே போகிமானின் வகையை மாற்றும் வசதி. டெரா ஆனதும், ஸ்டெல்லார் என்ற சிறப்பு டெரா வகை தவிர மற்ற வகைகளில், தாங்கும் கணக்கு முழுவதும் டெரா வகைக்கு மாறிவிடும். பழைய வகைகளின் ஒன்றரை மடங்கு மட்டும் நிலைத்திருக்கும். நான்கு மடங்கு ஐஸுக்கு அஞ்சும் டிராகனைட் டெரா ஸ்டீலானால் அதே ஐஸைப் பாதியாக வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்கும்.

கடைசியாக, தனியே எடைபோட்டவற்றை அணிக்குள் பொருத்திப் பாருங்கள். கார்விநைட்டுக்கு ஆகாத எலக்ட்ரிக் குவாக்சைரைத் தொடாது, ஃபயரைக் குவாக்சைர் பாதியாக வாங்கும். குவாக்சைருக்கு ஆகாத கிராஸைக் கார்விநைட் கால் பங்காக வாங்கும். ஃபயரையும் கிராஸையும் ஒருவரே சுமந்து வந்தால் இந்த இணை திணறும் என்பதால், ஃபயர் தாக்குதலை முழுவதும் விலக்கும் ஃப்ளாஷ் ஃபயர் திறனுடன் ஹீட்ரனை மூன்றாவதாகச் சேர்க்கலாம். ஹீட்ரனுக்கு ஆகாத கிரவுண்ட் கார்விநைட்டிடம் வீணாகும். குவாக்சைருக்குப் பதில் வாட்டர் தாக்குதலை விலக்கும் ஸ்டார்ம் டிரெயின் திறனுள்ள, அதே வாட்டர்–கிரவுண்ட் சேர்க்கையான காஸ்ட்ரோடானை வைத்தால் ஹீட்ரனுக்கு ஆகாத வாட்டரும் அடைபடும். இப்போது திறந்திருப்பது ஹீட்ரனுக்கு ஆகாத ஃபைட்டிங். மூவரில் யாரும் அதைத் தாங்குவதில்லை. நான்காவது இடத்துக்கு ஒரு கோஸ்ட் அல்லது ஃபேரியைத் தேடத் தொடங்குங்கள்.