பள்ளிப் பிள்ளைகளும் சமூக ஊடகமும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இன்ஸ்டாகிராம் கணக்கு கேட்டு அடம்பிடித்தால், பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுப் பெற்றோரே தொடங்கிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. இன்ஸ்டாகிராம், பேஸ்புக் ஆகியவை 13 வயது நிரம்பியவர்களுக்கே உரியவை என்பதால், பிள்ளையின் 2015 செல்லாது. அப்பாவின் 1985 செல்லும். இதை ஒப்புக்குச் சொல்லும் பொய்யாக நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த பதின்வயதினர் கணக்குகளில், பிள்ளை பின்தொடராத அந்நியர்கள் செய்தி அனுப்ப முடியாது. பதிவுகளை வெளியார் பார்க்க முடியாது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். நாற்பது வயதுக்காரராகப் பதிவாகியிருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. 18 வயதுக்குட்பட்டோரைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்க இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொய் வயதுக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளையை எளிதில் கண்டுகொள்ளாது.

கணக்கே வேண்டாம், என் போனிலேயே பார்க்கட்டும் என்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். யூடியூப் அடுத்தடுத்துக் காட்டுவது அந்தக் கணக்கில் இதுவரை பார்த்தவற்றைப் பொறுத்தது. இரவில் அப்பா பார்த்த குற்றச் செய்திகளின் தொடர்ச்சி, காலையில் பிள்ளையின் பொம்மைப் படத்துக்குக் கீழே வந்து நிற்கும். யூடியூப் கிட்ஸ் செயலியில் தேடலை நிறுத்தலாம், நேரம் குறிக்கலாம், நாம் தேர்ந்தெடுத்த காணொளிகளை மட்டும் காட்டச் செய்யலாம்.

இதற்கெல்லாம் அஞ்சி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பறித்துவிடுவதும் சரியல்ல. வகுப்புக் குழுவில் வரும் வீட்டுப்பாடம், துபாயில் வேலை பார்க்கும் அப்பாவுடன் பேசும் வீடியோ அழைப்பு, சமையல் சோடாவும் வினிகரும் கொண்டு எரிமலை செய்து காட்டும் காணொளி ஆகியவை உண்மையான பயன்கள். 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுத்திருக்கும் ஆஸ்திரேலியாகூட, வாட்ஸ்அப்பையும் யூடியூப் கிட்ஸையும் அந்தத் தடைக்கு வெளியேதான் வைத்திருக்கிறது.

பிள்ளைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் பெற்றோரே, பள்ளி திறந்த அன்று சீருடையும் அடையாள அட்டையும் தெரியும் படத்தைப் பொதுவெளியில் போடுகிறார்கள். பெயர், வகுப்பு, பள்ளி என ஓர் அந்நியருக்குத் தேவையான மூன்றும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

யாரோ தவறாகச் செய்தி அனுப்பியதாகப் பிள்ளை வந்து சொல்லும்போது, "உனக்கு எதுக்கு போன்?" என்று திட்டிப் பிடுங்கினால், அடுத்த முறை அது சொல்லாது. உரையாடலைப் பதற்றத்தில் அழித்துவிடாமல், வந்த கணக்கின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, யாருக்கும் பகிராமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.