யார், யாருக்குச் சொன்ன வசனம்? வேத வாசிப்பைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களோடு அமர்ந்து வேதம் வாசிக்கும் பொறுப்பு நெடுநாளாக எனக்கு உண்டு. ஆட்கள் மாறினாலும், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களிலேயே இவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். தினமும் வாசியுங்கள், ஜெபித்துவிட்டு வாசியுங்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். அவற்றைத் திரும்பச் சொல்வது என் நோக்கமன்று. அவ்வளவாகப் பேசப்படாத சில பிழைகளையும், அவற்றுள் பலரை ஆழமாகக் காயப்படுத்திய ஒரு பிழையைச் சற்று விரிவாகவும் இங்கே எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது

ஆதியாகமம் கதையாக ஓடுகிறது. யாத்திராகமத்தின் முற்பகுதியும் அப்படியே. அந்நூலின் 25ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கியதும் வாசிப்பு தளர்கிறது, லேவியராகமத்தின் பலிமுறைகளுக்கு வரும்போது பெரும்பாலும் நின்றே போகிறது. வேதாகமம் ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டிருந்தாலும் அது 66 நூல்களின் தொகுப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் பதிப்பில் 73 நூல்கள் உள்ளன. இவை முழுவதும் காலவரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல. நியாயப்பிரமாணம், வரலாறு, பாடல், தீர்க்கதரிசனம், சுவிசேஷம், நிருபம் (கடிதம்) என்று வகை வகையாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், முதல் பக்கத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்களே கொண்டது. நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது. ஒரே அமர்வில் வாசித்து முடித்துவிடலாம். இயேசு யார் என்ற கேள்வியோடு வந்த ஒருவர் அந்தக் கேள்விக்கு நேராகவே நுழைவதுதான் நல்லது.

கணக்குக்காக வாசிப்பது

66 நூல்களிலும் சேர்த்து 1,189 அதிகாரங்கள் உள்ளன. ஓராண்டில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்கும் மேல் வாசிக்க வேண்டும். நான்கு நாள் தவறினால் பதின்மூன்று அதிகாரங்கள் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியே குற்ற உணர்வாக மாறி, வேதத்தைத் திறப்பதற்கே தயங்கும் நிலைக்கு வந்தவர்களை நான் அறிவேன். ஓராண்டுத் திட்டம் தீயதன்று. வேதத்தின் ஓட்டத்தை ஓரளவு அறிந்தவர்களுக்கு அது மிகவும் பயனுள்ளது. தொடக்கத்தில் இருப்பவர் ஒரு பகுதியை எடுத்து அதையே அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்ப வாசிப்பது மேல். முதல் வாசிப்பில் கண்ணில் படாத ஒரு பெயரோ, ஒரு காரணமோ, "ஆகையால்" என்ற ஒரு சொல்லோ மூன்றாவது வாசிப்பில் தட்டுப்படும். படிப்பு என்பது அங்கேதான் தொடங்குகிறது.

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி எடுப்பது

இன்றுவரை என்னைக் கலங்கவும் கோபங்கொள்ளவும் செய்கிற தவறு இதுவே. குழந்தையை இழந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு சகோதரிக்கு, சபையைச் சேர்ந்த ஒருவர் ஆறுதலாக ஒரு வசனத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற, யோபு 8:7இல் உள்ள வாக்கு அது. பூக்களுக்கு நடுவே அழகான எழுத்தில் அச்சிட்ட படமாக வந்திருந்தது. எந்த வசனத்தையும் அதன் முழு அதிகாரத்தோடு வாசிக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் கற்றிருந்ததால், அவர் யோபின் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து முதல் வசனத்திலிருந்து வாசித்தார். ஏழாம் வசனத்துக்கு வருவதற்கு முன் நான்காம் வசனம் வந்தது. யோபின் பிள்ளைகள் தேவனுக்கு விரோதமாகப் பாவம் செய்திருக்க வேண்டும், அந்தப் பாவத்தின் ஆக்கினைக்கே அவர்கள் ஒப்புக்கொடுக்கப்பட்டார்கள் என்ற கருத்தை அங்கே பேசுகிறவர் முன்வைக்கிறார். இறந்துபோன தன் குழந்தையைப் பற்றி வேதம் இப்படிச் சொல்கிறதா என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

அந்த அதிகாரத்தில் பேசுகிறவர் கர்த்தர் அல்ல. சூகியனான பில்தாத், யோபைத் தேற்றுவதற்காக வந்து அவரைக் குற்றஞ்சாட்டிய மூன்று நண்பர்களில் ஒருவர். யோபின் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் ஒரே நாளில், பெருங்காற்று மோதி வீடு இடிந்து விழுந்ததில் மடிந்தார்கள் என்பதை முதல் அதிகாரம் சொல்கிறது. அதே அதிகாரம் யோபு உத்தமரும் சன்மார்க்கருமாய் இருந்தார் என்று தொடக்கத்திலேயே சாட்சி கொடுத்துவிடுகிறது. வாசகருக்குத் தெரிகிற அந்த உண்மை பில்தாத்துக்குத் தெரியாது. நல்லவனுக்கு நன்மை வரும், துன்பம் வந்தால் அவன் பாவி என்ற கணக்கை வைத்துக்கொண்டு அவர் யோபை நீதிபதிபோல் விசாரிக்கிறார். ஏழாம் வசனத்தின் வாக்குறுதியும் அந்தக் கணக்கின் ஒரு பகுதியே: பாவத்தை விட்டுத் திரும்பினால் உன் முடிவு நன்றாயிருக்கும் என்பது அதன் பொருள். நூலின் கடைசியில், 42:7இல், கர்த்தர் அந்த நண்பர்களில் இன்னொருவரான எலிப்பாசை நோக்கி, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்கிறார். கர்த்தரே கண்டித்த ஒரு பேச்சின் நடுவிலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து, கர்த்தரின் வாக்குத்தத்தம் என்று பெயரிட்டு, பிள்ளையை இழந்த தாய்க்கு அனுப்பியிருந்தார்கள்.

அப்படியானால் அந்த வசனம் பொய்யா என்று சிலர் கேட்பதுண்டு. 42:12இல் கர்த்தர் யோபின் முன்னிலைமையைவிடப் பின்னிலைமையை அதிகமாக ஆசீர்வதித்தார் என்று வாசிக்கிறோம். பில்தாத் சொன்ன முடிவு ஒரு வகையில் நிறைவேறியது. ஆனால் அவர் சொன்ன காரணத்தினால் நிறைவேறவில்லை. யோபு ஒளித்துவைத்த பாவத்தை அறிக்கையிட்டதால் மீளவில்லை. தன்னைக் குற்றப்படுத்திய நண்பர்களுக்காக அவர் வேண்டுதல் செய்தபோது கர்த்தர் அவர் நிலையை மாற்றினார் என்று 42:10 கூறுகிறது. 42 அதிகாரங்களும் சேர்ந்து சொல்லும் இந்தப் பெரிய செய்தியை, ஒற்றை வரியை வாசிக்கிறவர் ஒருபோதும் காண மாட்டார். அந்தச் சகோதரியோடு முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசி அதிகாரத்தையும் அன்று வாசித்தோம். நண்பர்கள் எல்லாரும் தவறாகப் பேசினார்கள் என்று கர்த்தரே சொன்ன இடத்தில் அவர் விரலை வைத்து, அந்த வசனத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

இந்தத் தவறு யோபோடு முடியவில்லை. எரேமியா 29:11இல் உள்ள "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வார்த்தையை, விரைவில் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கான உறுதியாகப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் உள்ளது. இரண்டு ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று முந்தின அதிகாரத்தில் அனனியா தீர்க்கதரிசனம் சொன்னார்; அது பொய் என்று எரேமியா அறிவித்தார். கடிதமோ, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்நகரத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று தொடங்கி, பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்ற காலத்தைச் சொல்கிறது. அதைக் கேட்டவர்களில் வயது முதிர்ந்தவர்கள் அந்நிய மண்ணிலேயே மடிவார்கள் என்பது தெளிவு. உடனடி விடுதலையை மறுக்கும் கடிதத்திலிருந்து உடனடி விடுதலைக்கான வாக்கை எடுக்கிறோம். அது நடக்காதபோது தேவன் கைவிட்டார் என்று மனம் உடைகிறோம். தம் ஜனத்தைத் தண்டனையின் நடுவிலும் மறக்காதவர் கர்த்தர் என்பதை அந்த வசனம் எனக்கும் சொல்கிறது. எத்தனை வாக்குத்தத்தங்கள் உண்டோ அவையெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்று இருக்கின்றன என 2 கொரிந்தியர் 1:20 கூறுவதையும் நான் நம்புகிறேன். ஆனால் அந்த வழியாக வந்து பெற்றுக்கொள்வது வேறு, என் வேலைக்கும் திருமணத்துக்கும் தேதி குறித்துக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வது வேறு.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியதும் அப்படியே. கட்டுண்டிருந்த நிலையில், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்று முந்தின வசனத்தில் சொல்லிவிட்டு எழுதிய வரி அது. அது வெற்றிக்கான உறுதிமொழியல்ல, வெற்றி இல்லாத இடத்தில் நிலைநிற்கத் துணை செய்கிறது.

வசனத்தை எடுத்துக் காட்டுவதே போதும் என்று எண்ணுகிறவர்கள் மத்தேயு நான்காம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். தேவாலயத்து உப்பரிகையில் நின்று, தாழக் குதியும் என்று சோதனைக்காரன் சொன்னபோது அவன் காட்டியது 91ஆம் சங்கீதத்தின் வசனங்களையே. இயேசு அந்தச் சங்கீதத்தை மறுக்கவில்லை. உபாகமம் 6:16ஐ எடுத்து, கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக "என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். ஒரு வசனத்தை வேதத்தின் மற்ற பகுதிகளோடு வைத்துப் பார்க்கும் முறையை அங்கே கற்றுக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு வசனம் உங்களைத் தொடும்போது அதை உங்களுக்கென்று எடுத்துக்கொள்வதற்கு முன், யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சூழ்நிலையில் பேசுகிறார் என்று எழுதிவையுங்கள். விடை தெரியாவிட்டால் பின்னோக்கி வாசித்துக்கொண்டே செல்லுங்கள். யோபைப் போன்ற நூலில் அதற்காக முதல் அதிகாரம் வரை போக நேரிடும். போய்த்தான் ஆக வேண்டும்.

அதிகாரப் பிரிவைக் கருத்தின் எல்லையாக எண்ணுவது

ஏசாயாவும் பவுலும் அதிகார எண் போட்டு எழுதவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பேராயர் ஸ்டீபன் லாங்டன் அமைத்ததாகக் கருதப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் பிரெஞ்சு அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பிலிருந்து வந்தவை. இடங்களைக் கண்டுபிடிக்க அவை உதவுகின்றன, ஆனால் சில இடங்களில் ஒரே பேச்சை இரண்டாக வெட்டிவிடுகின்றன. பாடுபடும் தாசனைப் பற்றிய ஏசாயாவின் பகுதி 53:1இல் அல்ல, 52:13இலேயே தொடங்குகிறது. அதிகாரம் முடிந்தது என்று புத்தகத்தை மூடுவதற்கு முன், அடுத்த நான்கு வசனங்களையும் பாருங்கள். பகுதிகளின் மேல் தடித்த எழுத்தில் வரும் தலைப்புகளும் பதிப்பாளர்கள் சேர்த்தவையே.

நடந்ததையெல்லாம் கட்டளையாகக் கொள்வது

கீதியோன் தோலைப் போட்டுப் பனியால் அடையாளம் கேட்டதை வாசித்துவிட்டு, தாமும் அடையாளம் கேட்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தில் இஸ்ரவேலை நீ இரட்சிப்பாய் என்று கர்த்தர் ஏற்கெனவே கீதியோனுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீர் சொன்னபடி" என்று கீதியோனே 6:37இல் ஒப்புக்கொள்கிறார். தேவசித்தத்தை அறியும் முறையை அந்த நூல் அங்கே கற்பிக்கவில்லை, பயந்த ஒரு மனிதனின் தயக்கத்தையும் அதைப் பொறுத்துக்கொண்ட தேவனையும் காட்டுகிறது. தன் வீட்டிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா செய்த பொருத்தனையும் அதே நூலில்தான் இருக்கிறது. அதைப் பின்பற்ற வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. அவனவன் தன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்துவந்தான் என்று அந்த நூலின் கடைசி வசனம் முடிகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்குவது

வேண்டாம். தானியேலையும் எசேக்கியேலையும் அறியாதவர் அதன் அடையாளங்களுக்குச் செய்தித்தாளில் பொருள் தேடுவார்.

விளக்கவுரையை முதலில் திறப்பது

முதலில் வசனம், பிறகு உரை.

தனியாகவே புரிந்துகொள்ள முயல்வது

ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம், வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அவர் தயங்காமல் சொன்னார். ராஜஸ்திரீயின் பொக்கிஷத்துக்கெல்லாம் தலைவராயிருந்தவர் அவர். அடுத்து அவர் கேட்ட கேள்வியோ, தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்கிறார், தம்மைக்குறித்தா வேறொருவரைக்குறித்தா என்பது. புதிய விசுவாசி கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதைவிடச் சிறந்ததாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. ஆகவே கற்பிக்கிறவர் சொன்னார் என்பதோடு நிறுத்திவிடாமல், அவர் காட்டிய இடத்தை நீங்களே திறந்து பார்க்க வேண்டும். கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்று அடக்கும் குழுவில் இருந்தால், வேறு குழுவைத் தேடிக்கொள்ளுங்கள்.

புரியாததை மறைப்பது

பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் அறிகிறதற்கு அரிதாயிருக்கின்றன என்று 2 பேதுரு 3:16 வெளிப்படையாகச் சொல்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் புரியாத இடத்தின் எண்ணையும் கேள்வியையும் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். பல கேள்விகளுக்கு வேறொரு நூலை வாசிக்கும்போது தானாகவே விடை கிடைக்கும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. மாற்கு சுவிசேஷத்தை இரண்டு முறை வாசியுங்கள். பிறகு லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தொடர்ச்சியாக வாசியுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு ஒரே ஆசிரியர் எழுதியவை. அடுத்து, 25 வசனங்களே உள்ள பிலேமோனையும் நான்கு அதிகாரங்கள் உள்ள பிலிப்பியரையும், ஒரு கடிதத்தை வாசிப்பதுபோல் நடுவில் நிறுத்தாமல் வாசித்து முடியுங்கள். அதன்பின் ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்துக்கும் வாருங்கள். லேவியராகமத்தை எட்டும்போது, பாவநிவாரண நாளைப் பற்றிய 16ஆம் அதிகாரத்தை மட்டும் எபிரெயர் 9ஆம் அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து முதலில் படித்துவிட்டு, பிறகு அதன் முதல் அதிகாரத்துக்குத் திரும்புங்கள்.