மர அம்பைப் பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழைத்து, வார்னிஷ் பூசி, இறகு ஒட்டிய மர அம்பைத் தூக்கிப் போட மனம் வராது. பழுது பார்ப்பதில் நடக்கும் மிகப் பெரிய தவறும் அதனால்தான் நடக்கிறது: பழுது பார்க்கவே கூடாத அம்பைப் பழுது பார்ப்பது.

நாணை விட்டதும் அம்பு விறைப்பாக நேரே போவதில்லை. நாண் பின்னாலிருந்து தள்ளும். முனையின் கனம் முன்னால் இழுத்துப் பிடிக்கும். தண்டு நடுவில் வளைந்து நெளிந்துதான் வில்லைத் தாண்டும். தண்டில் விரிசல் இருந்தால் அந்த நேரத்தில் பிளந்துவிடலாம். பிளந்த பின்பாதியை நாண் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கும், அதன் கூர் வில் பிடித்த கையில் ஏறிவிடும். அதனால் தண்டின் நடுப்பகுதி விரிசலைப் பசை ஊற்றிச் சரி செய்யாதீர்கள். சூப்பர் க்ளூ விட்டு, நூல் சுற்றி, மேலே வார்னிஷ் அடித்தால் விரிசல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அடுத்த சோதனையிலும் தெரியாமல் போவது இன்னும் மோசம். அந்தத் தண்டை அன்றைக்கே இரண்டாக ஒடித்துவிடுங்கள். முழுசாக மூலையில் சாத்தி வைத்தால் வேறு யாராவது எடுத்து எய்துவிடுவார்கள். முனையும் இறகும் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

விரிசலைக் கண்ணால் மட்டும் தேடுவதும் தவறுதான். தண்டின் இரு முனைகளையும் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக லேசாக வளையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய முறிவுச் சத்தம் கேட்டாலே போதும், அந்த அம்பு வேண்டாம். அப்புறம் கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தண்டு நெடுகத் தடவுங்கள். எழும்பிய சிம்பு பஞ்சை இழுத்துப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். கல்லில் பட்ட அம்பு, இன்னொரு அம்போடு மோதிய அம்பு எல்லாவற்றையும் அடுத்து எய்வதற்கு முன்பே இப்படிப் பார்த்துவிட வேண்டும்.

மர அம்பு அதிகமாக உடைவது முனைக்குச் சற்றுப் பின்னால்தான். பலரும் உடனே அந்த இடத்தை அறுத்துவிட்டுப் புது முனையை மாட்டிவிடுகிறார்கள். நீளம் மிச்சம் இருந்தால் சரி. ஆனால் முழுசாக இழுத்த நிலையிலும் முனை வில்லுக்கு முன்னால் ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையான அம்பு இழுக்கும்போது வில்லுக்குப் பின்னால் நழுவி விழும். அந்த நிலையில் நாணை விட்டால் வில்லிலோ கையிலோ பாயும். இன்னொரு சிக்கல், தண்டு குறையக் குறைய விறைப்பு கூடுகிறது, அதனால் பழைய குறியில் அம்பு படாது. நீளத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு நல்ல வழி இருக்கிறது: தண்டின் முன்பகுதியை நீளமான ஆப்பு வடிவில் சீவி, பிளவு வெட்டிய கடின மரத் துண்டில் பொருத்தி ஒட்டுவது. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் நன்றாகச் செய்தால் முன்பகுதி பழையதைவிட உறுதியாக இருக்கும். ஆப்பு சீவாமல் இரண்டு மரத் துண்டுகளின் வெட்டுமுகங்களை நேருக்கு நேர் வைத்து ஒட்டுவதும், அம்பின் நடுவில் ஒட்டு வைப்பதும் வேண்டாம்.

உடைந்த அம்பின் உலோக முனைக்குள் சிக்கிய மரத்தை எடுக்க, முனை சிவக்கும் வரை தீயில் காட்டுகிறார்கள். கடினப்படுத்திய எஃகு அதில் பதம் இழந்துவிடும். மரத்தில் ஒரு சிறு திருகாணியை ஏற்றி, முனையை இடுக்கியில் பிடித்து மிதமாகச் சூடாக்கினால், உருக்கி ஒட்டும் பசை இளகித் திருகாணியோடு மரமும் வந்துவிடும்.

வளைந்த தண்டை நிமிர்த்தும்போதும் சூடு அளவோடு இருக்கட்டும். நேரடித் தீயில் கருகிய மரம் நொறுங்கும், வார்னிஷும் கொப்பளிக்கும். வளைவு எங்கே இருக்கிறது என்று தண்டைச் சமதளத்தில் உருட்டிப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் சூடாக்கி, எதிர்ப்பக்கம் சற்றுக் கூடுதலாக வளைத்து, ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். ஆறுவதற்குள் விட்டால் பழையபடி வளைந்துகொள்ளும். விரிசல் சோதனையை இதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நாண் உட்காரும் வெட்டு உடைந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தண்டின் கடைசி முகத்தைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் கோடுகளாகத் தெரியும். புது வெட்டு அவற்றுக்குக் குறுக்காக விழ வேண்டும். கோட்டோடு சேர்த்து வெட்டினால் நாணே ஆப்பு மாதிரி தண்டைப் பிளந்துவிடும். மரத்திலேயே வெட்டியதாக இருந்தால் அடியில் நூல் சுற்றிப் பசை பூசுவதைத் தவறவிடாதீர்கள்.

இறகு மாற்றும்போது பறவையின் இடச்சிறகில் எடுத்த இறகு, வலச்சிறகில் எடுத்த இறகு இரண்டையும் ஒரே அம்பில் கலக்காதீர்கள்; ஒன்றின் சுழற்சியை இன்னொன்று கெடுக்கும். நசுங்கிய இறகை மாற்றவே வேண்டாம், ஆவியில் காட்டினால் நிமிர்ந்துவிடும். ஆனால் இறகுத் தண்டின் முன்நுனி தூக்கிக்கொண்டிருப்பதை விட்டுவைக்காதீர்கள். அம்பை வில் பிடித்த கைமேல் வைத்து எய்பவர்களுக்கு அது தோலைக் கிழித்துவிடும். அந்த நுனியை நூலால் கட்டிப் பசை பூசிவிடுங்கள்.

கடைசியாக எடையும் விறைப்பும். 100 கிரெய்ன் (அம்பு முனையின் எடையைச் சொல்லும் சிறு அலகு) முனை இருந்த இடத்தில் 125 கிரெய்ன் முனை வந்தால், தண்டு எய்யும்போது கூடுதலாக வளையும். ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு, பார்க்கும் வழக்கமான முறை இது: 26 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 2 பவுண்டு தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுத்தால் பவுண்டுக் கணக்கு கிடைக்கும். 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. பழுது பார்த்த அம்பும் அதே கட்டின் மற்ற அம்புகளும் இதில் வெகுவாக மாறுபட்டால், அதைக் கட்டிலிருந்து பிரித்துத் தனி அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.